கட்டா, தனி இதழா, அட்டை மட்டுமா? திருகோணமலையில் பழைய சஞ்சிகை சேர்ப்போருக்கு

திருகோணமலையில் ஒரு பழைய வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்தும் றங்குப்பெட்டியிலிருந்தும் சஞ்சிகைகள் மூன்று உருவத்தில் இறங்கும். கலிக்கோத் துணியில் முதுகு ஒட்டிய பைண்ட் கட்டுகள் ஒன்று. சணல் கயிற்றால் கட்டிய தனி இதழ்கள் இன்னொன்று. படம் அழகாக இருக்கிறதே என்று யாரோ எப்போதோ கிழித்தெடுத்து, பாடப்புத்தகத்துக்கு உறையாகவோ அலுமாரித் தட்டில் விரிப்பாகவோ போட்டுவிட்ட அட்டைகள் மூன்றாவது. விற்பவருக்கு மூன்றும் பழைய பேப்பர்தான்; நிறுத்துக் கொடுப்பார், அல்லது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்வார். அட்டை ஓவியத்துக்காகச் சேர்ப்பவருக்கோ இவை மூன்று வேறு பொருள்கள்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். கையில் காசு கொஞ்சம் என்றால் தனி இதழை வாங்குங்கள். கட்டை வாங்குவதென்றால் உள்ளே அட்டைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகு. உதிரி அட்டை, ஏற்கெனவே கிழிந்து வந்ததாக இருந்தால் மட்டும். இந்த ஊரில் இதற்கு மேல் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சுக்குடா என்று கடலுக்கு நடுவில் கிடக்கும் நகரில், வாங்குவதைவிட வைத்திருப்பதற்குத்தான் கூடப் பாடுபட வேண்டும். எவ்வளவு வாங்குவது என்பதை உங்கள் மேசையில் கிடக்கும் காசு தீர்மானிக்காது. மாரியில் எத்தனை கிலோக் கடதாசியை ஈரம் படாமல் காக்கலாம் என்பதே தீர்மானிக்கும்.

பைண்ட் கட்டு

கட்டில் இரண்டு வகை. வார இதழின் ஆறு மாதத்தையோ மாத இதழின் ஓராண்டையோ அப்படியே சேர்த்துக் கட்டியது ஒரு வகை. வாசிகசாலைகளிலிருந்து வருவது பெரும்பாலும் இதுதான். தொடர்கதையின் பக்கங்களை மட்டும் வாராவாரம் கிழித்து அடுக்கி, கதை முடிந்ததும் கட்டுவித்தது மற்ற வகை. இது வீடுகளிலிருந்து வருவது, தமிழ் வாசகரின் தனிக் கைவேலை என்றே சொல்லலாம்.

முதல் வகையைச் சோதிப்பது எண்ணிக்கைதான். வார இதழின் அரையாண்டுக் கட்டில் 26 இதழ் இருக்கும். ஆகவே 26 முன்னட்டை இருக்க வேண்டும். அநேகமாக ஒன்றுகூட இராது. கட்டுபவர் அட்டையைக் கழற்றிவிட்டுத்தான் தைப்பார்: அட்டைத் தாள் உள்தாளைவிடத் தடிப்பு, கட்டு வீங்கும், ஊசியும் சிரமப்படும். விற்பவர் முதல் சில இதழ்களைத்தான் புரட்டிக் காட்டுவார். நீங்கள் நடுவில் திறந்து, ஓர் இதழ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே வழவழப்பான தாள் ஒன்று முழுதாக நின்றால் சரி. அரை அங்குல அகலத்தில் வெறும் துண்டு மட்டும் நின்றால், கட்டிய பிறகு யாரோ பிளேட்டால் அறுத்தெடுத்திருக்கிறார்கள்.

அட்டை இருந்தாலும் இழப்பு உண்டு. தைத்து முடித்த கட்டை மூன்று பக்கமும் வெட்டுக் கத்தியில் கொடுத்து நேர் செய்வது வழக்கம். பக்கத்துக்கு 5 மில்லிமீற்றர் போனாலும், ஓரம் வரை அச்சான ஓவியத்தில் ஓவியர் கையெழுத்து போய்விடும். அவர்கள் அதைப் போடுவது கீழ் மூலையில்தானே. முதுகுப் பக்கத்தில் பக்கவாட்டாகக் குத்தித் தைப்பதால் இன்னொரு 8 முதல் 10 மில்லிமீற்றர் மடிப்புக்குள் மறையும். நடுப்பக்கத்தில் இரண்டு தாளுக்கும் சேர்த்துப் போட்ட படம் என்றால், நடுவில் நிற்கும் ஆளின் முகமே தையலுக்குள் போயிருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று கட்டை மல்லாத்தி அமுக்கினால் காய்ந்த முதுகு வெடித்து, இரண்டு கட்டாகிவிடும்.

தொடர்கதைக் கட்டை அட்டைக்காக யாரும் வாங்குவதில்லை. அதன் பெறுமதி உள்ளே வரும் அத்தியாயப் படங்களில் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ கட்டைக் கொண்டுவந்து நீட்டுபவர் எல்லோரும் அது முதல் முறை வந்தது என்றே சொல்வார்கள். அந்தக் கதை கல்கியில் 1950 ஒக்டோபரில் தொடங்கியது. அப்போது படம் வரைந்தவர் மணியம். பிறகு அதே இதழில் பல முறை மறுபடி வெளிவந்தது. எந்த முறை வந்தது என்று பிடிக்கக் கதைப் பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை, அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கே விளம்பரமோ வேறு கட்டுரையின் வாலோ இருக்கும். விலை அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது, ஏனென்றால் இந்தியா அந்த மாதம் முதலாம் திகதிதான் தசம நாணயத்துக்கு மாறியது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. றா, னா, ணை, லை போன்றவை பழைய கொம்பும் சுழியுமாக நின்றால் தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்று ஊகிக்கலாம். இலங்கை அச்சகங்களில் பழைய எழுத்து இன்னும் கனகாலம் புழங்கியது. ஆகவே இந்த அளவுகோலை இந்திய இதழுக்கு மட்டும் வையுங்கள்.

கட்டின் நன்மையையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான தாள்கள் ஒன்றையொன்று அமுக்கிக் கிடப்பதால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாது. ஓரம் பழுப்பேறினாலும் நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும். 60 ஆண்டு பழைய தனி இதழ் பிஸ்கட் போல உடையும் நிலையில், அதே ஆண்டின் கட்டு நன்றாகப் புரளும். ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது: முதுகில் பூசியது கோதுமை மாப் பசை. வெள்ளிப்பூச்சிக்கும் துளைக்கும் வண்டுக்கும் அது விருந்து. வாங்குமுன் கட்டை முதுகு மேலாகப் பிடித்து, கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, இரண்டு தட்டுத் தட்டுங்கள். மா போன்ற பொடி விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. பொடி விழாமல் ஓட்டை மட்டும் தெரிந்தால் பழைய கதை, பயமில்லை.

கட்டைப் பிரித்துத் தனி இதழாக்கி விற்கும் வேலையும் நடக்கிறது. முதுகோரத்தில் சம இடைவெளியில் மூன்று நான்கு ஊசி ஓட்டைகள், மூன்று விளிம்பும் கத்தி போல நேர், அதே சஞ்சிகையின் மற்ற இதழோடு வைத்தால் ஒரு சுற்றுச் சிறிது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது கட்டிலிருந்து பிரித்தது. தனி இதழ் விலை கொடுக்காதீர்கள்.

தனி இதழ்

நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்து மடித்த இதழைக் கையில் எடுத்ததும் அட்டையைப் பார்க்கத்தான் மனம் வரும். முதலில் நடுப்பக்கத்தைத் திறவுங்கள். பின் எந்த நிறத்தில் இருக்கிறது, அதைச் சுற்றிக் கடதாசி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதிலேயே அந்த இதழ் எந்த வீட்டில் கிடந்தது என்று தெரிந்துவிடும். தம்பலகாமம் பக்கத்து வீட்டில் 50 ஆண்டு கிடந்த இதழின் பின் மங்கி இருக்கும், அவ்வளவுதான். டச்சுக்குடாவுக்கு நேரே யன்னல் வைத்த வீட்டில் கிடந்ததென்றால் பின்னே இராது. இரண்டு செம்பழுப்புக் கறையும் அவற்றின் நடுவில் ஓட்டையும்தான் இருக்கும். இரும்பு துருப்பிடிக்க ஈரம் போதும். உப்பு அதை வேகப்படுத்தும். துரு கடதாசி நாரை அரித்து, முதலில் அட்டை கழன்று விழும், பிறகு நடுத்தாள்.

நடுத்தையல் இதழில் பக்கம் எண்ணுவதற்கு ஒரு சுருக்க வழி உண்டு. ஒவ்வொரு தாளும் மடிந்து நான்கு பக்கமாகும். ஆகவே அட்டை நீங்கலான பக்கங்கள் நான்கால் பிரிபட வேண்டும். முற்பகுதியில் ஒரு தாள் போயிருந்தால் பிற்பகுதியில் அதன் சோடி பிடிமானமின்றித் தளர்ந்து நிற்கும். இதழை மெல்லத் தூக்கி ஆட்டினால் எந்தத் தாள் வழுக்குகிறது என்று தெரியும். அதன் எதிர்ப்பக்கத்தைத் தேடுங்கள், இராது.

அட்டைக்கு 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வேண்டும். 1940கள், 50களின் வண்ண அட்டைகள் பெரும்பாலும் உலோக பிளாக்கில் அச்சானவை. நிறத்துக்கு ஒரு பிளாக். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு முறை தாளை அழுத்துவார்கள். லென்ஸில் பார்த்தால் ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரியும், எழுத்தோரத்தில் மை பிதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். ஒரு நிறம் அரை மில்லிமீற்றர் விலகி உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்திருந்தால் அதைக் குறையென்று விலை குறைக்க வேண்டாம்; அந்தக் கால அச்சகத்தின் கைரேகை அது. புள்ளிகளுக்கு வரிசையே இல்லாமல் மணல் தூவியது போலிருந்தால் அது வீட்டுப் பிரிண்டரில் எடுத்த நகல். கிழிந்த அட்டைக்குப் பதில் இப்படியொரு நகலைப் பொருத்தி விற்பதும் உண்டு.

துருப்பிடித்த பின்னை எடுப்பதா விடுவதா? உப்புக்காற்று ஊரில் எடுப்பதுதான் சரி. இதழை நடுப்பக்கம் மேலாக விரித்து வையுங்கள். பின்னின் மடிந்த காலுக்கும் கடதாசிக்கும் இடையில், பழைய தொலைபேசி அட்டையிலிருந்து வெட்டிய சிறு துண்டைச் சொருகுங்கள்; கத்தி வழுக்கினாலும் தாள் தப்பும். மொட்டையான மெல்லிய கத்தி முனையால் இரண்டு காலையும் நிமிர்த்துங்கள். இதழைப் புரட்டி, முதுகுப் பக்கமிருந்து நேராக இழுங்கள். துரு இறுகிக் கால் நிமிர மறுத்தால் நெம்ப வேண்டாம், சின்னக் குறட்டால் காலை வெட்டித் துண்டு துண்டாக எடுங்கள். உதிர்ந்த துருவை உலர்ந்த தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் கறை நாருக்குள் இறங்கிவிடும், பிறகு போகாது.

பிறகு அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோர்த்து, உட்பக்கம் முடிச்சுப் போடுங்கள். ஓட்டைகளுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கும் அதன் மேல் 10 சென்ரிமீற்றரும் நூல் போதும். இறுக்காதீர்கள், இறுகிய நூல் பழைய தாளைக் கத்தி போல அறுக்கும். ஓட்டை அரித்துப் பெரிதாகியிருந்தால், தைக்குமுன் உள்மடிப்பில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் மெல்லிய நார்த்தாள் ஒன்றை ஒட்டிக் காயவிடலாம். ஸ்டார்ச் பசையை அன்றன்று தேவைக்குக் காய்ச்சி, மிக மெல்லியதாகப் பூச வேண்டும். மினுங்கும் ஒட்டு நாடாவை எதற்கும் எடுக்காதீர்கள். பத்து ஆண்டில் நாடா உதிரும், அதன் பசை மஞ்சளாகத் தாளுக்குள்ளேயே நிற்கும்.

தடித்த தீபாவளி மலர்கள் இந்தக் கணக்கில் சேரா. அவற்றைப் பக்கவாட்டில் பின் அடித்து, அட்டையை முதுகில் பசையால் ஒட்டியிருப்பார்கள். பின்னை எடுக்கப் போனால் அட்டையைப் பிய்க்க வேண்டிவரும். அப்படியே விட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

உதிரி அட்டை

சுவரில் மாட்ட என்று கேட்டால் இதுதான் மலிவு, இடமும் குறைவு. ஆனால் கிழித்தெடுத்த அட்டைக்கு ஊர் பேர் தெரியாது. சில சஞ்சிகைகளில் திகதி அட்டையில் இருக்கும். பலவற்றில் உள்ளே, மலர் எண்ணும் இதழ் எண்ணும் போட்ட இடத்தில்தான் இருக்கும். சிலவற்றில் மலர், இதழ் என்பதற்குப் பதில் ‘மாலை, மணி’ என்று இருக்கும், சிலவற்றில் ‘விக்ருதி ஐப்பசி’ என்று தமிழ் ஆண்டு மட்டும் இருக்கும். விக்ருதி என்றால் 1950 சித்திரை முதல் 1951 பங்குனி வரை. அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் 2010இலும் வந்தது, ஆனால் அந்தக் குழப்பம் கடதாசியைத் தொட்டதும் தீர்ந்துவிடும்.

மாட்டுவதென்றால் அசலை மாட்ட வேண்டாம். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் எடுத்து, பிரதியைச் சட்டம் போடுங்கள். பழைய மைகளில் சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்துக்கு முதலில் பலியாகும். சாளரத்துக்கு எதிரே மாட்டினால் சில ஆண்டுகளில் நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். முழு இதழ் கையில் இருக்கும்போது அட்டையைத் தனியே பிரித்து விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை, எவ்வளவு காசு தந்தாலும்.

எந்தச் சஞ்சிகை?

இந்த ஊரில் கிடைப்பதைக் கொண்டே தொடங்குவதுதான் புத்தி. தமிழகத்தின் ஆனந்த விகடன், கல்கி, கலைமகள், குமுதம், அம்புலிமாமா எல்லாம் இங்கே வந்தவைதான். ஆனால் தொடராக வரவில்லை. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ ஆட்சியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தது. அதனால் இலங்கை வீடுகளிலிருந்து கிளம்பும் இந்திய இதழ்களில் அந்த ஆண்டுகள் பெரும் பள்ளமாக இருக்கும். முழு வரிசை சேர்ப்பேன் என்று இறங்கினால் இந்தப் பள்ளத்தைச் சென்னையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். போர்க்கால இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 கடற்கோளிலும் போனவை வேறு.

விகடனில் அட்டைப்பட நகைச்சுவை என்றே ஒரு மரபு உண்டு: அட்டையில் முழுப்பக்கக் கேலிச்சித்திரம், கீழே இரண்டு வரி உரையாடல். ஓவியர் மாலி வளர்த்த அந்தப் பள்ளியில் ராஜு, கோபுலு என்று வரிசையாக வந்தார்கள். சிலர் தெய்வ உருவங்களைத் தேடுவார்கள். அவர்களுக்குத் தீபாவளி மலர்கள்தான். சில்பியின் கோயிற் சிற்பக் கோடுகளும் எஸ். ராஜத்தின் சுவரோவியச் சாயல் வண்ணங்களும் அவற்றில்தான் பெரிய அளவில் கிடைக்கும். மலர் ஆண்டுக்கு ஒன்றுதான் என்பதால் 20 மலர் சேர்த்தால் 20 ஆண்டு கையில் வந்துவிடும். வார இதழில் அதற்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். பெட்டியும் மாரியும் கணக்கில் இருக்கும் ஊரில் இது சின்ன விடயமல்ல.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. எம்.டி.வி. ஆச்சார்யா, பின்னர் வபா என்று அட்டை வரைந்தவர்களின் வேலை ஒரே பாணியில் நீண்டு வருவதால் அடுக்கிவைத்துப் பார்க்க அழகு. இதில் ஒரு வசதி: அதே ஓவிய அட்டைதான் பெரும்பாலும் தெலுங்கு, இந்தி, கன்னடப் பதிப்புகளுக்கும் போனது. தமிழ் இதழ் அகப்படாத மாதத்துக்கு வேறு மொழிப் பதிப்பை வைத்து இடத்தை நிரப்பலாம். சிறுவர் கையில் புழங்கியதால் வண்ணப் பென்சில் மீசை இல்லாத அம்புலிமாமா அட்டை அபூர்வம். ஓரக் கிழிசலைப் பொறுக்கலாம். மீசையை, ஒரு சிறுவனின் கைவேலை என்று நினைத்தால், அதையும் பொறுக்கலாம்.

இலங்கை இதழ்களில் ஓவிய அட்டைக்கு முதலிடம் சிரித்திரனுக்கு. சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் 1963இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து நடத்தியது. சவாரித் தம்பரும் மைனர் மச்சானும் அவர் பேனாவில் பிறந்தவர்கள். இறக்குமதி அடைத்திருந்த ஆண்டுகளில் வாசகர் கை நீண்டது இலங்கை இதழ்களை நோக்கித்தான்; ஆகவே இந்தியப் பள்ளத்தை எண்ணிக் கவலைப்படுபவர் அதே ஆண்டுகளை இங்கத்தைய இதழ்களால் நிரப்பலாம், தொகுப்பும் அர்த்தமுள்ளதாகும். தாள் மட்டம், அச்சு ஒன்றிரண்டு நிறம்தான், ஆனால் கோட்டில் உயிர் இருக்கும். 1966இல் தொடங்கிய மல்லிகையின் அட்டை பெரும்பாலும் எழுத்தாளர், கலைஞர் முகங்கள். ஓவிய அட்டை தேடுபவருக்கு அது இரண்டாம் பட்சம், இலக்கிய வரலாறு தேடுபவருக்கு முதலாம் பட்சம். வாங்குமுன் ‘நூலகம்’ என்ற பெயரிலுள்ள இணையத்தளத்தில் பாருங்கள். 2005 முதல் அவர்கள் ஈழத்து வெளியீடுகளை ஸ்கேன் செய்து இட்டுவருகிறார்கள். அந்த இதழுக்கு எத்தனை பக்கம், அட்டை எப்படி என்று அங்கே தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். அங்கே இல்லாத இதழ் கையில் வந்தால், ஸ்கேன் எடுக்க ஒருநாள் கொடுத்து வாங்குவது நல்லது.

உள்ளூரில் வாங்குவதா, கொழும்பா, சென்னையா என்றால் இந்த ஒழுங்கிலேயே தேடலாம். உள்ளூரில் வீடு ஒழிக்கும் காலத்தைப் பிடிக்க வேண்டும்; பழைய பேப்பர் எடுப்பவரிடம் சொல்லிவைத்தால் அவர் சொல்லியனுப்புவார், ஆனால் மழைக்குமுன் சொல்லிவையுங்கள். கொழும்பில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் சிங்கள, ஆங்கிலக் குவியலுக்குள் தமிழ் இதழும் வரும். அங்கே பொறுமைதான் முதல். சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள். அங்கிருந்து கொண்டுவருவதென்றால் எடையை முதலில் பாருங்கள்: தனி இதழ் ஒன்று 120 கிராம் என்று வைத்தால் 26 இதழ்க் கட்டு 3 கிலோவைத் தாண்டும். எட்டுக் கட்டு எடுத்தால் உடுப்புக்கு இடமிராது.

வாசிகசாலை முத்திரை உள்ள இதழை வெறுக்க வேண்டாம். மூடிப்போன வாசிகசாலையின் முத்திரை அந்த ஊரின் வரலாறு. இன்றும் இயங்கும் நூலகத்தின் முத்திரையென்றால், கழித்ததற்கான குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈரம், உப்பு, பூச்சி

கடல்நீரில் நனைந்த இதழை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மழைநீரில் நனைந்தது காய்ந்தால் காய்ந்ததுதான். கடல்நீர் ஆவியானாலும் உப்பு நாருக்குள் நிற்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தாள் தொட்டால் துவண்டு, குளிர்ந்து இருக்கும், விளிம்பில் அலை அலையாக ஒரு கறைக்கோடு தெரியும். அதைப் பெட்டிக்குள் வைத்தால் பக்கத்திலிருக்கும் நல்ல இதழ்களையும் அது ஈரமாக வைத்திருக்கும்.

பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்கள் நாலைந்தை எறிந்தால் போதும் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் ஈரப்பதன் 80 வீதமாக இருக்கும்போது கடதாசி தன் எடையில் ஏறத்தாழ 10 வீதம் நீரைப் பிடித்திருக்கும். 50, 55 வீதக் காற்றில் அது 7 வீதமளவுக்கு இறங்கும். 10 கிலோ இதழ்களை, அதாவது 80 வார இதழ்களை, அந்த நிலைக்குக் கொண்டுவர 300 கிராம் நீரை வெளியே எடுக்க வேண்டும். சிலிக்கா ஜெல் அந்த ஈரப்பதனில் தன் எடையில் கால்பங்கை அல்லது சற்றுக் கூடப் பிடிக்கும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு மேல் ஜெல் வேண்டும். 5 கிராம் பொட்டலம் நாலைந்து எங்கே, ஒரு கிலோ எங்கே.

இதற்கு விடை ஜெல்லைக் கூட்டுவதில் இல்லை, நாளைத் தெரிவதில் இருக்கிறது. திருகோணமலையில் வாடைக்காற்று ஒக்டோபர் கடைசியில் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்த்து, ஜனவரியில் ஓயும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் அடிக்கும்போது காற்று காய்ந்து கிடக்கும். (தின்னும் கச்சானும் பழைய சஞ்சிகைக்கு எதிரிதான்; எத்தனை அட்டைகள் சரையாகச் சுருட்டப்பட்டுப் போயினவோ.) இதழ்களைக் கச்சான் காலத்தில், நிழலான அறையில், மேசையில் ஒரு வாரம் பரப்பிவைத்துத் தானாகக் காயவிடுங்கள். ஓர் ஈரப்பதமானி வாங்கி, 55க்குக் கீழே காட்டும் பகலாகப் பார்த்து, ரப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிடுங்கள். இப்போது ஜெல்லின் வேலை, மூடி இடுக்கால் கசியும் ஈரத்தைத் தடுப்பது மட்டும். 50 லீற்றர்ப் பெட்டிக்கு அரைக் கிலோ வைத்தால் மாரி கடக்கலாம். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும். 120 பாகையில் சில மணி நேரம் சூடாக்கினால் திரும்பவும் வேலை செய்யும். நவம்பரில் ஒருநாள் மழை விட்டதே என்று பெட்டியைத் திறந்து ரசிக்காதீர்கள். திறந்த ஒருமணி நேரத்தில் உள்ளே போகும் ஈரத்தை வெளியேற்ற ஜெல்லுக்குப் பல நாள் எடுக்கும்.

மர அலுமாரியா, இரும்பு அலுமாரியா என்று கேட்டால், கடலுக்கு அரை மைலுக்குள் இரும்பு வேண்டாம். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஒழுகி மேலட்டையில் கறை வைக்கும். மரம் ஈரத்தைச் சமன் செய்யும், ஆனால் கறையானை அழைக்கும். பிளாஸ்டிக் பெட்டியை மரத் தட்டில், நிலத்திலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி, சுவரிலிருந்து கையளவு தள்ளி வைப்பதே இங்கே பொருந்தும். கடல் பார்த்த வெளிச்சுவர் இரவில் குளிரும்; அதைத் தொட்டு நிற்கும் பெட்டிக்குள் வியர்த்துவிடும்.

உறைகளில் பொலிப்புரொப்பிலீன், பொலியெத்திலீன் இரண்டும் நல்லவை. பிவிசி கூடாது, அதிலிருக்கும் இளக்கி கசிந்து அட்டை மையை இழுத்துக்கொள்ளும். வாங்கும்போது மூக்கில் பிடித்துப் பாருங்கள், புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் அது பிவிசி. ஏ4 உறையின் உட்பக்கம் 22 சென்ரிமீற்றர் அகலம்தான்; கிரௌன் கால் அளவு (ஏறத்தாழ 19க்கு 25 சென்ரிமீற்றர்) இதழ் போகும், அகன்ற வார இதழும் மலரும் போகா. அளந்துவிட்டு வாங்குங்கள், நெருக்கிச் சொருகினால் மூலை மடியும். உறையின் வாயை ஒட்டி அடைக்க வேண்டாம்.

நப்தலின் உருண்டையை விட்டுவிடுங்கள். மூச்சுக்குக் கேடு, பிளாஸ்டிக்கிலும் படியும், முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக வந்த எந்த இதழையும் பெட்டிக்குள் சேர்க்குமுன் பொலித்தீனில் இறுகச் சுற்றி, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் கழித்தல் 18 பாகை அல்லது அதற்குக் கீழே இரண்டு கிழமை வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு முழுநாள் வெளியே வைத்து அறைவெப்பத்துக்கு வந்த பிறகே சுற்றை அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே பூக்கும் நீர் இதழின் மேலேயே பூக்கும்.

கூரை ஒழுகி இதழ்கள் நனைந்துவிட்டால் பயப்பட வேண்டியது உள்தாளுக்கல்ல, வழவழப்பான அட்டைக்கு. அதன் பூச்சு களிமண்; ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்துத் தாளோடு கல்லாக ஒட்டும். ஒட்டிக் காய்ந்ததைப் பிரிக்க வழியில்லை, முகம் ஒரு பக்கமும் முதுகு மறுபக்கமும் வரும். ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரித்து மெழுகுக் கடதாசியை இடையில் வையுங்கள். அன்றே கை கொடுக்க முடியாத அளவு நனைந்திருந்தால் உறைபெட்டியில் போட்டுவிட்டு, மழை விட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

பெப்ரவரி நடுவில், காற்று காயத் தொடங்கியதும், பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாசம் என்றால் பழைய தாளின் அமிலம், அது இருக்கத்தான் செய்யும். மண்வாசம் என்றால் எங்கோ பூஞ்சணம். அந்த இதழைக் கண்டுபிடித்து வெளியே எடுத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, முற்றத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றபடி மென்தூரிகையால் தட்டுங்கள். பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது தொட்டால் கறையாக இழுபடும். தட்டிய இதழ் இந்த ஆண்டு மற்றவற்றோடு சேரக்கூடாது. அடுத்த கச்சான் வரை அதற்குத் தனிப் பெட்டி.